மலைக்கு ஒரு பதிவேடும் அதற்கு ஒரு பிளக்இன்னும்

பழனி மலைத்தொடரில் நீலக்குறிஞ்சி 2006-ஆம் ஆண்டிலும் அதன்பின் 2018-ஆம் ஆண்டிலும் பூத்தது. 12 ஆண்டுக்கு ஒருமுறை என்ற அதன் நியதியில் பிசகு நேராதிருக்குமானால் 2030-ஆம் ஆண்டில் மறுபடியும் பூக்க வேண்டும். சென்ற முறை மலை ஏறி வந்தவர்களும் மலையிலேயே குடியிருப்பவர்களும் கைபேசியில் எடுத்த படங்களுக்குக் கணக்கில்லை. ஆயினும் எந்தச் சரிவில் முதல் அரும்பு விட்டது, எந்த வாரத்தில் பூ நிறைந்தது, தேனீக்கள் எப்பொழுது மொய்த்தன, விதை எப்பொழுது முற்றியது என்பன போன்ற செய்திகள், பூம்பாறையிலோ மன்னவனூரிலோ படிக்கும் ஒரு மாணவி தன் தாய்மொழியில் தேடிப் படிக்கும்படி ஓரிடத்தில் சேர்ந்து கிடைக்க வேண்டும் என்பதும், அதற்கு வேண்டிய கணினிச் சாதனத்தை மலைப் பிள்ளைகளே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் விண்ணப்பம்.

பதிவு செய்து வைப்பது இந்த மலைக்குப் புதிய வழக்கமன்று. 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில், 1904 முதல் சூரியனின் படத்தைக் கண்ணாடித் தகடுகளில் எடுத்துச் சேர்த்து வந்தார்கள். மேகம் மூடிய நாள் நீங்கலாக, வெயில் கண்ட நாளெல்லாம் ஒரே வகையில் எடுத்த அந்தப் படங்களை இந்திய வானியற்பியல் நிறுவனம் இக்காலத்தில் கணினிக்கு மாற்றி, உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அனைவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வைத்திருக்கிறது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர் சூரியப் புள்ளிகளினின்று வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்ததும் இதே குன்றின்மேல்தான். செடிகளின் விஷயத்தைப் பார்த்தாலோ, செண்பகனூரில் ஏசு சபைத் துறவிகள் தொகுத்த தாவரச் சேகரம் இருக்கிறது. திருச்சிராப்பள்ளி ராபினாட் தாவர நிலையத்தைக் கட்டி வளர்த்த கே. எம். மாத்யூ பாதிரியார் பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றி 1999-ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல் இருக்கிறது. இவை யாவும் அபூர்வமான உழைப்பின் பலன்கள். ஆனால் இவை ஆங்கிலத்தில் அமைந்தவை. நிபுணருக்கு நிபுணர் எழுதியவை. மேல்மலைக் கிராமத்துப் பாட்டி ஒரு பச்சிலையை என்ன பெயர் சொல்லிப் பறிக்கிறாள், இம்மலைப் பழங்குடியினரான பளியர் பெருமக்கள் எந்தக் கிழங்கை எந்த மாதத்தில் தோண்டுகிறார்கள் என்பதைச் சொல்வது அவற்றின் முதல் நோக்கமாக இருக்க முடியாது.

இந்தக் குறையை நிரப்பச் சட்டமே ஒரு வழி வகுத்திருக்கிறது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் பல்லுயிர் மேலாண்மைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். அக்குழு ஊராரைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க வேண்டும். நோக்கம் மிக உயர்ந்தது. ஒருமுறை எழுதிக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டால் அந்தப் பதிவேடு அன்றோடு நின்றுவிடும். ஆண்டுதோறும் பூவும் காயும் மாற, மழையும் பனியும் மாற, அந்த ஏடும் உடன் வளர வேண்டுமானால், எழுதுவோர் பலராகவும் திருத்துவது எளிதாகவும் உள்ள ஒரு சாதனம் அவசியமாகிறது. அந்தச் சாதனம் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது என்பதுதான் மகிழ்ச்சியான செய்தி.

பள்ளிக்கூடத்துக்கோ விவசாயிகள் சங்கத்துக்கோ தங்கும் விடுதிக்கோ இன்று ஓர் இணையதளம் அமைப்பவர்களில் பெரும்பாலோர் வேர்ட்பிரஸ் என்னும் உள்ளடக்க மேலாண்மை அமைப்பைத்தான் நாடுகிறார்கள். 2003-ஆம் ஆண்டு மே மாதத்தில் மேட் மல்லன்வெக், மைக் லிட்டில் என்ற இருவர் வெளியிட்ட இந்த இலவச மென்பொருள், உலகத்து இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இன்று தாங்கி நிற்கிறது. அடுத்த ஆண்டிலேயே, 1.2 என்ற பதிப்பில், பிளக்இன் என்னும் துணைக்கூறுகளைச் சேர்க்கும் வசதி அதற்கு வந்தது. அதன் பெரும் வளர்ச்சிக்கு இந்த ஒரு வசதியே மூலகாரணம் என்று சொன்னால் மிகையாகாது. டுரூப்பல் என்னும் மற்றோர் அமைப்பு இதையே மாட்யூல் என்கிறது, தத்துவம் ஒன்றுதான்.

அந்தத் தத்துவம் மிக அழகானது. மூல மென்பொருளை எழுதியவர்கள், பின்னால் வருகிறவர்களுக்கு என்ன தேவைப்படும் என்று அறியாதவர்களாயினும், தேவைப்படும் என்பதை மட்டும் அறிந்தவர்களாய், ஆங்காங்கே ஹூக் எனப்படும் கொக்கிகளை அமைத்து வைத்திருக்கிறார்கள். வீடு கட்டும்போதே உத்தரத்தில் இரும்பு வளையம் ஒன்றைப் பதித்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் பிறக்கும் குழந்தைக்குச் சுவரையும் கூரையையும் இடிக்காமல் தொட்டில் கட்ட முடிகிறதல்லவா? அதைப் போல, மூல நிரலில் ஓர் எழுத்தையும் தொடாமல் நம் காரியத்தை அதில் மாட்டிவிடலாம். ஒரு குறித்த நேரத்தில் நம் நிரலை ஓடச் செய்யும் கொக்கிக்கு ஆக்ஷன் என்று பெயர்; கடந்து செல்லும் ஒரு செய்தியை நடுவழியில் வாங்கி, திருத்தித் திருப்பிக் கொடுக்க இடம் தரும் கொக்கிக்கு ஃபில்டர் என்று பெயர். மூலத்தை நேரே திருத்தியவனுடைய வேலை அடுத்த பதிப்பு வந்து இறங்கியவுடன் அழிந்துபோகும். கொக்கியில் மாட்டியவனுடைய வேலை நிலைத்து நிற்கும்.

நான் விரும்பும் பிளக்இன் மிகச் சிறியது. வேர்ட்பிரஸின் பிளக்இன்கள் வைக்கும் அடைவுக்குள் ஒரு புது அடைவு. அதனுள் பிஎச்பி மொழியில் ஒரே ஒரு கோப்பு. கோப்பின் தலைப்பில் குறிப்புரையாக ‘பிளக்இன் நேம்’ என்று தொடங்கும் ஒரு வரி இருந்தால் போதும். வேர்ட்பிரஸ் அதைப் படித்து, நிர்வாகப் பக்கத்தின் பட்டியலில் பெயரைச் சேர்த்துக்கொள்ளும். ‘ஹலோ டாலி’ என்று பல ஆண்டுகளாக வேர்ட்பிரஸுடன் கூடவே வந்த பிளக்இன் ஒன்று, லூயி ஆம்ஸ்ட்ராங் பாடிப் புகழ்பெற்ற ஒரு பாட்டின் வரியை நிர்வாகப் பக்கத்தின் மேலே காட்டுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. புதிதாகப் பழகுவோர் எவ்வளவு சிறியதிலிருந்து தொடங்கலாம் என்பதற்கு அது நல்ல சான்று. நம்முடைய கோப்பில், ‘இனிட்’ என்ற கொக்கியில் தொங்கும் ஒரு செயற்கூறு ‘செடி’ என்ற புதிய பதிவு வகையை வேர்ட்பிரஸுக்கு அறிமுகம் செய்யும். அதற்கு உட்பெயர் மட்டும் ரோமன் சிறிய எழுத்துக்களில், 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும். திரையில் தோன்றும் பெயர்கள் அனைத்தும் தமிழாக இருக்கலாம். அதன் பிறகு சில கட்டங்கள்: ஊரார் வழங்கும் பெயர், தாவரவியற் பெயர், கடல்மட்டத்துக்கு மேல் உயரம், பூத்த நாள், பார்த்தவர். கடைசியில் ஒரு ஷார்ட்கோடு. அதைப் பள்ளியின் எந்தப் பக்கத்தில் இட்டாலும் அங்கே பட்டியல் விரியும். ஓரளவு கணினி பழகிய கல்லூரி மாணவர் ஒரு விடுமுறைக் காலத்துக்குள் பொறுமையாகச் செய்து முடிக்கக்கூடிய அளவுதான் இது.

‘இத்தகைய பிளக்இன்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. வேர்ட்பிரஸின் பொதுக் களஞ்சியத்தில் 50,000-க்கும் மேற்பட்ட பிளக்இன்கள் இருக்கின்றன. அவற்றை எழுதியவர்களுடைய மனத்தில் நம்முடைய மலையும் நம்முடைய மொழியும் இருந்திருக்க இயலாது என்பதே என் பதில். ஓர் உதாரணத்தை அருகில் வைத்துப் பார்ப்போம்.

வேர்ட்பிரஸில் ஒரு பதிவுக்குத் தமிழில் தலைப்பிட்டால், அந்தத் தலைப்பிலிருந்தே பக்கத்தின் முகவரி உண்டாகிறது. முகவரிக்கு ஒதுக்கப்பட்ட இடம் 200 குறிகள். ஆங்கிலேயருக்கு அது தாராளமான இடம். தமிழிலோ, யூனிகோடு முறையில் ஒவ்வொரு எழுத்துக் குறியும் மூன்று பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கங்களுமாக எழுதப்படுவதால், ஓர் எழுத்துக் குறிக்கு ஒன்பது இடம் செலவாகிறது. மேலும் ‘கொ’ என்பதில் ககரம் ஒரு குறி, ஒகரக் கொம்பு மற்றொரு குறி. மெய்யின் புள்ளியும் தனிக் குறி. ‘கொடைக்கானல் சோலைக்காடுகள்’ என்று தலைப்பிட்டுப் பாருங்கள். முதற்சொல்லில் 11 குறிகள், 99 இடம், நடுவில் ஒரு சிறு கோடு, இரண்டாம் சொல்லில் 13 குறிகள், 117 இடம், ஆக 217. இருநூறைத் தாண்டுவதால் வேர்ட்பிரஸ் வாலை வெட்டிவிடுகிறது. முகவரியில் நிற்பது ‘கொடைக்கானல்-சோலைக்காடுக’. பன்மையின் ளகரமெய் போய்விட்டது. இரண்டே சொற்களுக்கு இந்தக் கதியானால், நீண்ட தலைப்புகளின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

இதற்கு ஒரு ஃபில்டர் போதும். செடியின் பதிவைச் சேமிக்கும் தறுவாயில் நடுவே புகுந்து, முகவரிக்குத் தமிழ்த் தலைப்பை எடுக்காமல், பக்கத்துக் கட்டத்தில் எழுதியிருக்கும் தாவரவியற் பெயரை எடுத்துக்கொள்ளும்படி சில வரிகளில் எழுதிவிடலாம். நீலக்குறிஞ்சி என்ற தமிழ்ப் பெயர் பக்கத்தின் தலையில் முழுமையாக நிற்கும். ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்ற பெயர் ரோமன் எழுத்தில் முகவரியாக நிற்கும். இதனால் வேறொரு பிரயோஜனமும் உண்டு: ஒரே செடிக்குக் கீழ்மலையில் ஒரு பெயரும் மேல்மலையில் ஒரு பெயரும் வழங்கினாலும், இரண்டையும் ஒரே முகவரியில் சேர்த்து வைக்கலாம். செடியைப் பதிவதற்கென்று பிறந்த பிளக்இன்னில்தான் இப்படிப்பட்ட தீர்வு தோன்றும். பொதுவான பிளக்இன் எழுதுபவருக்கு இது நினைவுக்கே வராது.

அகரவரிசையும் அவ்வாறே. யூனிகோடில் தமிழெழுத்துக்களுக்கு எண் கொடுத்தபோது, நகரத்தை அடுத்து னகரத்தையும், ரகரத்தை அடுத்து றகரத்தையும் வைத்தார்கள். பிஎச்பியின் எளிய வரிசைக் கட்டளை அந்த எண்களை மட்டுமே பார்க்கும். புங்கு, புளி, புன்னை என்று நம் அகராதி அடுக்கும் மரங்களை அது புங்கு, புன்னை, புளி என்று அடுக்கும். ஜகரண்டாவைச் சகரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கும். அகராதி பார்க்கப் பழகிய ஆசிரியர் ஒருவர் இந்தப் பட்டியலைக் கண்டால் முகம் சுளிப்பார்; சுளிப்பது தர்மம். பிஎச்பியின் சர்வதேச நீட்சியில் ‘கொலேட்டர்’ என்ற கருவி இருக்கிறது. அதனிடம் மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் நம் நெடுங்கணக்கின்படி அடுக்கித் தரும். ஒரு வரி வேலை. அந்த ஒரு வரி அவசியம் என்று தெரிந்தவர் எழுத வேண்டும், அவ்வளவே.

பாதுகாப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் வேர்ட்பிரஸ் தளங்களில் பகைவர் புகும் வழிகளில் பெரும்பாலானவை மூல மென்பொருளில் இல்லை, கவனக்குறைவாக எழுதப்பட்ட பிளக்இன்களிலேயே இருக்கின்றன. ஆகையால் மாணவருக்குக் கற்பிக்கும் முதல் நாளிலேயே சில நியமங்களைப் பழக்கிவிட வேண்டும். உலவியிலிருந்து கோப்பை நேராக அழைப்பவரை வாசலிலேயே நிறுத்திவிட வேண்டும். படிவம் ஒன்று வந்து சேர்ந்தால், அது நம் தளத்திலிருந்துதான் வந்ததா என்பதை நான்ஸ் என்னும் குறியால் சோதிக்க வேண்டும்; அனுப்பியவருக்குத் திருத்தும் உரிமை உண்டா என்பதைத் தனியே சோதிக்க வேண்டும். உள்ளே வரும் எழுத்தைச் சுத்தம் செய்த பிறகே சேமிக்க வேண்டும். வெளியே காட்டும்போது மீண்டும் ஒருமுறை காப்பிட்டே காட்ட வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் வேர்ட்பிரஸே ஆயத்தமான செயற்கூறுகளை வைத்திருக்கிறது. சிரத்தையாகப் பயன்படுத்துவதுதான் வேண்டுவது.

இந்த மலைக்கென்றே உரிய இன்னொரு பாதுகாப்பும் உண்டு. சோலைக்காட்டின் ஆர்கிட் செடிகளையும் அருகி வரும் மூலிகைகளையும் பிடுங்கிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். ‘இன்ன சரிவில், இன்ன ஓடைக்கரையில்’ என்று நாம் அன்போடு எழுதிய குறிப்பே அவர்களுக்கு வழிகாட்டியாகிவிடக் கூடாது. ஐநேச்சுரலிஸ்ட் போன்ற உலகத் தளங்கள், அழிவின் விளிம்பில் உள்ள உயிர்களின் இருப்பிடத்தைப் பொதுமக்களுக்குத் துல்லியமாகக் காட்டாமல் மங்கலாக்கிவிடுகின்றன. நம்முடைய பிளக்இன்னிலும் ‘இடத்தை மறை’ என்று ஒரு கட்டம் இருக்க வேண்டும். அதைக் குறித்துவிட்டால் ஊர்ப்பெயருக்கு மேல் ஒன்றும் வெளியே போகக் கூடாது. திரையில் மறைத்தால் மட்டும் போதாது: வேர்ட்பிரஸில் ரெஸ்ட் என்னும் வேறொரு வாசல் உண்டு, கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வாசல், இருப்பிடக் கட்டத்தை அந்த வாசலில் வைக்கவே கூடாது. பளியர்களின் மருந்தறிவையும் இப்படியே காக்க வேண்டும். அவர்கள் சம்மதித்துச் சொன்னதை, சம்மதித்த அளவுக்கே வெளியிட வேண்டும். எது பொது, எது தங்களுக்குள் என்பதை அவர்களே தீர்மானிக்கும்படி கட்டங்களை அமைக்க வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் எழுதித் தந்துவிடுமே என்பாரும் உளர். தரட்டும், உதவிக்கு அதை வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எழுதித் தந்ததை வரிவரியாகப் படித்து, மேலே சொன்ன சோதனைகள் அதில் இருக்கின்றனவா, புளி புன்னைக்கு முன் வருகிறதா, ஓடைக்கரை வெளியே தெரிகிறதா என்று பார்க்கக்கூடிய ஒருவர் மலையில் இருக்க வேண்டும். அப்படிப் பார்க்கத் தெரிந்தவரை உண்டாக்குவதற்கு, ஒருமுறையேனும் தன் கையால் முழுதும் எழுதிப் பார்ப்பதைவிடச் சிறந்த கல்வி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

செய்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 1984-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. அங்கே கணினி பயிலும் பெண்கள் பாடத்திட்டத்துக்காக எழுதும் புராஜெக்டுகளில் ஒன்றாக இந்தப் பிளக்இன்னை ஏற்கலாம்; மேல்மலையின் அரசுப் பள்ளிகள் அதை வைத்துப் பதிவு செய்யலாம்; சோலையை மீட்டெடுக்கும் பணியில் ஈடுபட்டிருக்கும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளின் அன்பர்கள் தாவரவியற் பெயர்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். மலைப்பூண்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றதே, அதன் விவசாயிகளும் இதில் சேரலாம்: நடவு செய்த நாள், பனி விழுந்த நாள், அறுவடை நாள் என்று பத்தாண்டுக் கணக்கு ஒன்று கையில் இருந்தால், பருவம் மாறிவிட்டது என்று வாயால் சொல்வதைத் தேதியோடு எடுத்துக் காட்ட முடியும். நகராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் செலவு என்று பார்த்தால், இணையதளம் வைத்திருக்க ஆகும் ஆண்டுக் கட்டணத்துக்கு மேல் பெரிதாக ஒன்றும் இராது.

பிளக்இன் எழுதுவதைக் காட்டிலும் கடினமானது, எழுதிய பிறகு அதை ஆண்டாண்டாகப் பேணுவது. எழுதிய மாணவி படிப்பு முடிந்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுவாள், வேர்ட்பிரஸின் அடுத்த பதிப்பு வரும், பிஎச்பி மாறும், ஒருநாள் பட்டியல் வெற்றாகத் தோன்றும். ஆகையால் நிரலின் ஒவ்வொரு பகுதியும் என்ன செய்கிறது என்பதைத் தமிழில் குறிப்புரையாக எழுதி வைக்கும் வழக்கம் முதலிலிருந்தே வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இல்லாமல் பள்ளியின் பொறுப்பில் இருக்க வேண்டும். ஒவ்வொரு வகுப்பும் அடுத்த வகுப்புக்குக் கற்பித்துவிட்டுப் போக வேண்டும். இன்னும் ஒன்று: சில பிளக்இன்கள், நீக்கும்போது தம் தரவுகளையும் தரவுத்தளத்திலிருந்து துடைத்துவிட்டுப் போகின்றன. மற்ற காரியங்களுக்கு அது நல்ல ஒழுக்கமே. பதிவேட்டுக்கு அது ஆகாது. இந்தப் பிளக்இன்னை யாராவது தவறுதலாக நீக்கினாலும் செடிகளின் குறிப்புகள் அழியாமல் அப்படியே இருக்கும்படி எழுத வேண்டும்.

கட்டங்களுக்கு உள்ளே வைக்கும் பெயர்களை, உலகத்துப் பல்லுயிர்த் தரவுகளுக்கென்று வகுத்திருக்கும் டார்வின் கோர் என்ற பொது நெறியின்படி வைத்துவிட்டால், எக்செல் தாளில் திறக்கக்கூடிய ஒரு சாதாரணக் கோப்பாக அனைத்தையும் எப்பொழுது வேண்டுமானாலும் வெளியே எடுத்து, மறைக்க வேண்டியதை மறைத்து, இந்திய பல்லுயிர் இணையதளத்துக்கும் உலகக் களஞ்சியங்களுக்கும் அனுப்பலாம். வேர்ட்பிரஸைப் போலவே இதையும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட வேண்டும் என்பது என் கட்சி. அவ்வாறு வெளியிட்டால், கொல்லிமலையிலோ சேர்வராயன் மலையிலோ நீலகிரியிலோ உள்ள ஒரு பள்ளிக்கூடம் யாரிடமும் அனுமதி கேட்காமல் இதை எடுத்து, தலைப்பு வரியில் மலையின் பெயரை மாற்றி, தங்கள் காட்டுக்கு வேண்டிய கட்டம் ஒன்றைக் கூட்டியோ வேண்டாததைக் குறைத்தோ, அடுத்த வாரமே பதிவைத் தொடங்கிவிடலாம்.